அசையாதே, தங்கம்

மகளின் நிழலுக்கருகே ஒரு கறை. லென்ஸில் தூசி என்றுதான் முதலில் நினைத்தான். வேறொரு நாள், வேறொரு லென்ஸில் எடுத்த படத்திலும் அது இருந்தது.

வாரம் முழுக்க காப்பீட்டு அலுவலகத்தில் மாடாய் உழைப்பவனுக்குக் கேமராதான் உயிர். வெளிச்சம் மங்கும் சாயங்காலங்களில் மகளை வீட்டு நடைவழியில் நிற்கவைத்து, ஷட்டரை அரை நிமிடம் திறந்தே வைப்பான். அதற்குள் அசைவதெல்லாம் புகையாய்க் கரைந்துவிடும். அசையாமல் நிற்பது மட்டுமே பதியும். "அசையாதே, தங்கம்" என்று தொடங்கி, "போதும்" என்று முடிப்பான். அவனுக்கு மிகப் பிடித்த படங்கள் எல்லாம் அப்படிப் பிறந்தவைதான்.

கண்காட்சிக்கு அனுப்பவென்று, சற்றுமுன் எடுத்ததையும் சேர்த்து, மழை ஜன்னலைத் தட்டிக்கொண்டிருக்க, ஈரத்துணி வாடை வீசும் அறையில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் திறந்தான். அடுத்த படத்தில் கறை, அவள் உயரத்துக்குப் புகையாகியிருந்தது. அதற்கடுத்ததில் தோள்கள். பிறகு அவளுடைய அதே கவுன். அவன் சொன்னதை இன்னொன்றும் கேட்டு, அசையாமல் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறது.

இன்றைய படத்தில் மகள் துல்லியமாக இருந்தாள். அப்பாடா என்று மூச்சுவிட்டவன் முழங்காலைப் பார்த்தான். காலையில் அவள் விழுந்து பட்ட காயத்துக்கு அவன்தான் பிளாஸ்திரி ஒட்டினான். அந்த முழங்காலில் அது இல்லை.

பக்கத்துப் புகையில் இருந்தது.

இந்தப் படத்தை எடுக்கும்போதுதான் மனைவியின் போன் வந்திருந்தது. பேசிக்கொண்டே உள்ளே வந்துவிட்டான்.

"ஐயோ, போதும்னு சொல்லவே இல்லையே!"

ஓடினான். நடைவழியில் அது நின்றிருந்தது. மகளின் முகம். இமைக்கவில்லை. அருகே காற்று மட்டும் நடுங்கியது.

"நான் அசைஞ்சுட்டேன்பா. மன்னிச்சிடுப்பா." எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது அவள் குரல்.

"போதும்டா கண்ணு! போதும்! போதும்!"

இரு கைகளாலும் காற்றை அள்ளினான். பிஞ்சு விரல்கள் தட்டுப்பட்டன. இளஞ்சூடு. நழுவியது.

கதவு திறந்தது. வேலை முடிந்து வந்த மனைவி குடையைப் போட்டாள்.

"என்னங்க இப்படிக் கத்துறீங்க?"

"கிட்டப் போகாதே! அது நம்ம புள்ள இல்ல!"

"பைத்தியமா உங்களுக்கு? பயந்துபோய் எப்படி நிக்குது பாருங்க."

நடுங்கும் காற்றின் ஊடாகவே நடந்தாள். குளிர்ந்ததுபோல் கையைத் தேய்த்துக்கொண்டாள். குனிந்து அதை அணைத்தாள்.

அவன் உள்ளங்கையில் ஈரப் பிளாஸ்திரி மட்டும் ஒட்டியிருந்தது.

மனைவியின் தோளுக்கு மேலே அது அவனையே பார்த்தது. போதும் என்று அவனே சொல்லிவிட்டான்.

மெல்ல, அது முதல்முறையாக அசைந்தது. இரண்டு சிறு கைகள் மேலெழும்பி அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன.