அக்காவின் கறுப்பு வட்டங்கள்

அக்கா தூங்கிக்கொண்டே சாப்பிட்டாள். கை தட்டுக்கும் வாய்க்குமாகப் போய் வந்தது. கண் மட்டும் மூடியிருந்தது. எதிரே இருந்த தங்கை சுண்டு, அந்தத் தட்டை மெல்ல நகர்த்திப் பார்த்தாள். அக்காவின் கை வெறும் மேசையைத் துழாவியது.

"ஏய், வைடி தட்டை!" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

அக்காவுக்கு இது பள்ளியில் கடைசி வருடம். பகலெல்லாம் பள்ளிக்கூடம். அது முடிந்து வீட்டில் தலைகாட்டியதும், பஸ் பிடித்து நுழைவுத் தேர்வுக்கான மாலை வகுப்பு. கால்நடை மருத்துவராக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குப் பள்ளித் தேர்வு, நுழைவுத் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். இரவு வீடு திரும்பும்போது அவள் பையைத் தூக்கி வருகிறாளா, பை அவளை இழுத்து வருகிறதா என்று சொல்ல முடியாது.

அம்மா ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து வந்ததும், அக்கா ஒரு தாளை நீட்டினாள். பள்ளியில் நடந்த இயற்பியல் தேர்வின் விடைத்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குட்டி வட்டம், அதற்குள் கறுப்பு மை, பக்கத்தில் ஒரு விடை. அவ்வளவுதான். டீச்சர் சிவப்பு மையில் 'வழி எங்கே?' என்று மேலிருந்து கீழ்வரை கேட்டிருந்தார்.

"என்னது இது, எறும்பு வரிசையா?" என்றார் அம்மா.

"மாலை வகுப்புல நாலு விடை குடுப்பாங்கம்மா. சரியான வட்டத்தைக் கறுப்பாக்கணும். வழியெல்லாம் எழுதிட்டு இருந்தா நேரம் போச்சுன்னு திட்டுவாங்க. அதே பழக்கத்துல ஸ்கூல்லயும் வட்டம் போட்டுட்டேன்."

"விடை சரிதானேக்கா?" என்றாள் சுண்டு.

"சரிதான். ஆனா விடைக்கு ஒரு மார்க்குதான். மிச்சமெல்லாம் வழிக்கு."

அம்மா நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கும் நாள் முழுக்க நின்ற கால். "உன்னைப் பார்க்கவே பாவமா இருக்குடி. அடுத்த பரீட்சையும் இப்படின்னா மாலை வகுப்பை நிறுத்திடலாம். ஸ்கூலைக் கோட்டை விட முடியாது."

அக்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அதைப் பார்த்தபோதுதான் சுண்டுவுக்கு என்னவோ செய்தது.

விடுமுறை நாள் காலையில் அக்கா பள்ளிக் கணக்குகளோடு உட்கார்ந்தாள். சுண்டு பக்கத்தில் வந்து நின்றாள். 'ஒருவர் பந்தை விநாடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறார். அது எப்போது அவர் கைக்குத் திரும்பும்?' என்று கேள்வி. அக்கா சட்டென்று 'நான்கு விநாடி' என்று எழுதினாள். பக்கத்தில் ஒரு வட்டமும் முளைத்துவிட்டது.

"அக்கா, மறுபடியும் வட்டம்!"

"ஐயோ! இந்தக் கையை என்ன பண்றது?"

"நாலு எப்படி வந்துச்சு?"

"வேகத்தைப் பத்தால வகுத்து, ரெண்டால பெருக்கணும். உனக்குப் புரியாது, போ."

"ஏன் ரெண்டால?"

"மேல போக எவ்வளவு நேரமோ, கீழ வரவும் அவ்வளவு நேரம்."

"அட, ஆமா! அதை ஏன் எழுதல?"

அக்கா பேனாவை மேசைமேல் போட்டாள். "எனக்கே தலை சுத்துது. நீ வேற உயிரை வாங்காதே சுண்டு!"

சுண்டுவின் முகம் வாடிவிட்டது. உதவி செய்கிறேன் என்று தொல்லைதான் கொடுக்கிறோமோ? கதவுவரை போனாள். அங்கேயே நின்று யோசித்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"அக்கா, எனக்குப் புரியற மாதிரி எழுதினா, உங்க டீச்சருக்கும் புரியும்ல?"

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஸ்கூல் கணக்கு போடும்போது மட்டும் நான் எதிர்ல உட்கார்றேன். 'எப்படி? எப்படி?'ன்னு கேப்பேன். மாலை வகுப்புக் கணக்கை எடுத்தா எழுந்து போயிடறேன். அப்ப நீ இஷ்டத்துக்கு வட்டம் போடு."

"நீ எழுந்து போவியா? நம்பலாமா?"

"நம்பு. ஆனா தண்ணி குடிக்க மட்டும் வருவேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொட்டாவியும். எதிர் நாற்காலியைக் காலால் நகர்த்திவிட்டாள்.

அதன்பிறகு தினமும் அப்படித்தான். பள்ளிக் கணக்கென்றால் சுண்டு எதிரே. பாதி விஷயம் அவளுக்குப் புரியவில்லை. புரியாத இடத்திலெல்லாம் விடாமல் கேட்டாள். தெருவில் மற்ற பிள்ளைகள் விளையாடும் சத்தம் ஜன்னல் வழியே வந்தது. சில நாள் அவளுக்கும் கண் சொருகியது. தூக்கத்திலேயே "எப்படி?" என்றாள்.

"இன்னும் எழுதவே ஆரம்பிக்கலடி!" என்றாள் அக்கா.

அடுத்த தேர்வின் விடைத்தாள் வந்த அன்று, அக்கா அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். சுண்டு எட்டிப் பார்த்தாள். வரிக்கு வரி வழி. வட்டம் ஒன்றுகூட இல்லை. இதிலும் வந்திருந்த பந்துக் கணக்குக்கு முழு மதிப்பெண்.

"கை வட்டம் போடத்தான்மா போச்சு," என்றாள் அக்கா. "எதிர்ல இவ உட்கார்ந்து முறைக்கிற மாதிரியே இருந்துச்சு. எழுதித் தொலைச்சேன்."

அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், மாலை வகுப்புக்குக் கொண்டுபோகும் டப்பாவில் ரொட்டியை அடுக்க ஆரம்பித்தார்.

"நிறுத்தலையாம்மா?" என்றாள் சுண்டு.

"எதை நிறுத்தறது? பஸ் வர்ற நேரம். அவளை எழுப்பு."

அக்கா சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். சுண்டு முதலில் அவளுடைய காலணி நாடாக்களைக் கட்டினாள். பிறகு பையைத் தோளில் மாட்டிவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் எழுப்பினாள்.