முழந்தாளிடாத இருவர்

பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற மணி அடித்தது. மாதா கோயில் மொத்தமும் முழந்தாளிட்டது... இரண்டு பேரைத் தவிர. பெண்கள் பக்கம் ஜோஸ்பின். ஆண்கள் பக்கம் யாரோ ஒருவன். குனிந்த தலைகளுக்கு மேலே இருவர் கண்களும் முட்டிக்கொண்டன. அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தால் ஐப்பசி மழை. மலைக்கோட்டையே கண்ணுக்குத் தெரியவில்லை. தாழ்வாரத்தில் ஒதுங்கியவனை மடக்கிவிட்டாள்.

"என்னையக் கேலி பண்ணத்தானே நின்னீங்க?"

"ஐயோ, இல்லைங்க... நான் பரோட்டா மாஸ்டர். நாள் முழுக்கக் குனிஞ்சு மாவு பெசஞ்சு இடுப்பு போயிருச்சு. முட்டி போட்டா எந்திரிக்க முடியாது." சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "வெளிய சொல்லிராதீங்க. எங்கம்மாவுக்கே தெரியாது. மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்."

அடப்பாவமே, இதற்கா சண்டைக்குப் போனோம்! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் பிரியாணிக் கடையில வெங்காயம் உரிக்கிறேன். குத்த வச்சே இருந்து முட்டி ரெண்டும் போச்சு. கல்யாணம் ஆகுற வரைக்கும் மூச்சு விடாதேன்னு அம்மா சொல்லியிருக்கு."

"இப்ப விட்டுட்டீங்களே..."

சிரித்தான். தூக்கம் காணாத அந்தக் கண்கள் சிரிப்பில் அப்படி மலரும் என்று யார் கண்டது! மழை விட்ட பிறகும் இருவரும் நகரவில்லை.

மறு மாதமே சூசைமுத்து, அதுதான் அவன் பெயர், தன் அம்மா ஆரோக்கியம்மாளோடு பெண் கேட்டு வந்தான்.

"எம் பிள்ளைக்குக் காய்ச்சல் தலைவலின்னு ஒன்னு வந்ததில்ல," ஜோஸ்பினின் அம்மா கூசாமல் புளுகினாள்.

"அதான் வேணும். இவன் சொந்தமா கடை போடப்போறான். மாவு பெசையிறது, அண்டா கழுவுறது எல்லாம் இவதான் பாக்கணும்," என்றாள் ஆரோக்கியம்மாள்.

ஜோஸ்பின் அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லேன்... அவன் தரையைப் பார்த்தான். இவன் அம்மாவிடம் பொய் சொல்லியா இவனோடு வாழ்வது? வேண்டாம், போனால் போகட்டும்.

"அத்தை, எனக்கு முட்டி ரெண்டும் போயிருச்சு. உக்காந்து வேலை செய்ய முடியாது."

அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆரோக்கியம்மாள் விருட்டென்று எழுந்தாள்.

"நல்ல வேளை தப்பிச்சோம்! ஏலே, வா போவோம்."

சூசைமுத்து எழுந்தான்... இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக.

"எனக்கும் போயிருச்சும்மா. இடுப்பு. உன்கிட்ட மறைச்சுட்டேன்."

ஆரோக்கியம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. "அப்பு... எப்ப இருந்து?"

அவன் ஜோஸ்பினிடம் திரும்பினான். "நான்தான் மொதல்ல சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். தெனமும் வலிக்கலேன்னு நடிச்சு நடிச்சு அலுத்துப்போச்சு ஜோஸ்பின்... உன்கிட்ட மட்டுந்தான் வலிக்குதுன்னு சொன்னேன். உன்னைய எனக்கு அம்புட்டுப் பிடிச்சிருக்கு. நீ இல்லேன்னா எனக்கு வேற யாரும் வேணாம்."

"மொதல்ல உக்காருங்க," என்றாள் அழுதபடியே. "எனக்கும் பிடிச்சிருக்கு. அதை வலியோட நின்னுக்கிட்டே கேக்கணுமா?"