பாரமான நினைவு இருக்கிறதா?

மாநகரப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கூடத்தில் ஏகாம்பரத்தின் நினைவை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். தலையில் மாட்டியிருந்த வளையம் ஈரத்துணி மாதிரி சில்லென்று இருந்தது. எழுத்தர் முள்ளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கல்யாண நாளா பெரியவரே? வேணாம். எங்க குடோன் பூரா கல்யாணமும் காதுகுத்துமா கெடக்கு. பாரமா எதாச்சும் இருந்தா சொல்லுங்க, முழுக் கட்டணமும் தள்ளிடலாம்."

ஏகாம்பரம் கதவுப் பக்கம் பார்த்தார். கூடத்துக்கு வெளியே அவருடைய மகள் அமுதினி உட்கார்ந்திருந்தாள். அப்பா தன் படிப்புக்காகக் கல்யாண நாளையே கொடுக்கப் போகிறார் என்று தெரிந்ததிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

இதழியல் படிக்க எதற்குத் தலையைக் கறக்க வேண்டும் என்று முதலில் சண்டை போட்டவர்தான் அவர். ஆனால் காலம் அப்படி ஆகிவிட்டது. எந்தப் படத்தையும் எந்தக் குரலையும் எந்திரம் நொடியில் செய்து தந்துவிடும். ஊருக்குள் வெள்ளம் என்று படம் போட்டால், கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவனைத் தவிர மற்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் மனிதன் கண்ணால் பார்த்துத் தலைக்குள் வைத்திருப்பதை மட்டும் போலி செய்ய முடியவில்லை. அதனால் நினைவெடுப்பி வந்தது. பார்த்தவரின் நினைவை உருவிச் செய்தியாளரின் தலையில் ஏற்றும். அவர் அதைத் தானே நேரில் நின்று பார்த்ததாக உணர்ந்து, அலசி எழுதுவார். அந்தச் செய்தியைத்தான் ஜனங்கள் நம்பினார்கள். நினைவெடுப்பி நகல் எடுக்காது என்பதுதான் ஒரே சங்கடம். கொடுத்தவர் தலையில் அந்த இடம் காலி. வாங்கியவர் தலையில் அது சாகும்வரை இருக்கும்.

அப்பாவும் மகளும் ஒரு மாதம் அலைந்தார்கள். கடற்கரைச் சாலையில் இருந்த கண்ணாடிப் பல்கலைக்கழகம் ஒரு வருஷத்துக்குக் கேட்ட பணத்துக்கு அவர்கள் வீட்டையே விற்க வேண்டும். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று விளம்பரம் செய்த இன்னொன்றின் பட்டத்தை எந்தப் பத்திரிகையும் மதிக்கவில்லை. மிஞ்சியது மாநகரம். சுவரில் காரை பெயர்ந்த கட்டடம், ஆனால் நல்ல வாத்தியார்கள். பெற்றோர் ஒரு நினைவைக் கொடுத்தால் கட்டணத்தில் சலுகை. பிள்ளைகள் அலசிப் பழக நினைவு வேண்டுமே.

"பேரு, ஊரு எல்லாம் அழிச்சிருவீங்களா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"சுத்தமா."

"எம் பொண்ணு கைக்கு வராதே?"

"வெளியூர்க் கிளைக்குத்தான் போகும். அதெல்லாம் விதி இருக்கு."

விதி என்று சொல்கிற எவனையும் ஏகாம்பரம் நம்பியதில்லை. ஆனாலும் உள்ளே ஒன்று இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தது. அது வெளியே போகலாம் என்கிற ஆசை இப்போது தலைதூக்கியது.

அப்போது அவர் லிப்ட் மெக்கானிக். ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்றாம் மாடிக் கதவின் பூட்டு தேய்ந்துபோய், லிப்ட் அடிக்கடி நின்றது. பூட்டு விழாவிட்டால் லிப்ட் நகரக் கூடாது, பாதுகாப்பே அதுதான். குடியிருப்போர் சங்கச் செயலாளர் நச்சரித்தார். ஏகாம்பரம் பூட்டின் இரண்டு மின்முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டார். பூட்டு விழுந்துவிட்டது என்று ஏமாந்து லிப்ட் ஓடியது. நாளைக்குப் புதுப் பூட்டோடு வரலாம் என்று நினைத்தார். மோட்டார் அறையில் தொங்கிய பராமரிப்புப் புத்தகத்தில், அந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிறபடி, அடுத்த மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அந்த நாளை வரவே இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் பால் போட வந்த பெண் மூன்றாம் மாடிக் கதவை இழுத்தாள். கதவு திறந்தது. லிப்ட் கீழே இருந்தது.

போலீஸ் வருவதற்குள் ஏகாம்பரம் ஓடிப்போய்க் கம்பியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். புத்தகத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சாவி வைத்திருந்த காவலாளி மாரியப்பன்தான் கதவைத் திறந்து போட்டுவிட்டான் என்று முடிவாயிற்று. மூன்று வருஷம் உள்ளே இருந்தான்.

"இன்னொரு தடவ எடை போடுப்பா" என்றார் ஏகாம்பரம். கண்ணை மூடி, கம்பி போட்டதிலிருந்து அந்தக் காலைவரை எல்லாவற்றையும் நினைத்தார்.

முள் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. எழுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மரியாதை கூடிவிட்டது, டீ வந்தது. பதினோரு பக்க ஒப்பந்தத்தில் ஒரு வரியும் படிக்காமல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது தலை லேசாக இருந்தது. அமுதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா அன்னிக்கு என்ன கலர் பொடவன்னு கூட ஞாபகம் இல்லியாப்பா இப்ப?"

அரக்குக் கரை போட்ட பச்சை. சரிகை உறுத்துகிறது என்று அவள் முணுமுணுத்தது வரைக்கும் நினைவில் இருந்தது. அப்படியானால் நாம் கொடுத்தது என்ன என்று திடுக்கிட்டார். யோசித்துப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. ரசீதில் 'பாரம்: முதல் தரம்' என்று மட்டும் இருந்தது.

"இல்லம்மா" என்றார்.

அவள் அழுதாள். அந்தப் பொய்யை அவர் மூன்று வருஷம் சுமந்தார். அவள் வாரத்துக்கு ஒருமுறை ஆல்பத்தை விரித்து அவருடைய கல்யாணத்தையே அவருக்குக் கதையாகச் சொன்னாள். அவரும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினார். அதைவிட வேறொன்று அவரை அரித்தது. எந்தக் கட்டடத்திலும் லிப்ட்டில் ஏறக் கால் வரவில்லை, மூட்டுவலியோடு படியேறினார். காவலாளிச் சட்டை போட்ட எவனைப் பார்த்தாலும் கண் தானாகத் தாழ்ந்தது. என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே தப்பு செய்தவனாக நடந்தார். படத்தை உருவிக்கொண்டு பாரத்தை உள்ளேயே விட்டுவிட்டார்கள், திருட்டுப் பயல்கள் என்று பல்கலைக்கழகத்தைத் திட்டினார்.

இறுதித் தேர்வு மாதத்தில் ஒருநாள் அமுதினி செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"எனக்குத் தேர்வு நெனவு ஏத்திட்டாங்க. வெளியூர்க் கிளைய மூடிட்டாங்களாம், எல்லாத்தையும் இங்கயே கொண்டாந்துட்டாங்க."

"சரி."

"ஒரு மெக்கானிக்கோட நெனவு. மூஞ்சி இல்ல, பேரு இல்ல. கை மட்டும் தெரியுது." அவள் அவர் வலது கையைப் பார்த்தாள். "இந்தக் கையப் புடிச்சுக்கிட்டுத்தான்ப்பா நான் ஸ்கூலுக்குப் போனேன். எனக்குத் தெரியாதா?"

கம்பி, புத்தகம், பால்காரப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள். ஏகாம்பரம் யாரோ ஒருவனுடைய அயோக்கியத்தனத்தைக் கேட்பதுபோல் கேட்டார். அந்த ஆள் மேல் அவருக்குக் கோபம்கூட வந்தது. அது தன் மேல்தான் வந்து விழ வேண்டும் என்று புரிந்தபோது, விழ இடமில்லாமல் அந்தரத்தில் நின்றது.

"பழைய பேப்பரெல்லாம் தேடி, ஜெயிலுக்குப் போன அந்த வாட்ச்மேன கண்டுபுடிச்சிட்டேன்" என்றாள். "அவரு பேரு மேல இருக்கற பழி போகணும்னா, நெனவு குடுத்தவரு இது என்னுதுதான்னு அடையாளம் சொல்லணும். அதான் சட்டம்."

"சொல்றேன், வா" என்றார் ஏகாம்பரம்.

மாரியப்பன் ரயில்வே கேட் ஓரம் ஓர் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். வற்றிப்போன உடம்பு. எழுந்து நிற்காமல், உட்காரவும் சொல்லாமல் பார்த்தார்.

ஏகாம்பரம் கையைக் கூப்பினார். "நாந்தான் செஞ்சேன். கம்பியப் போட்டதும் நாந்தான், பிடுங்கினதும் நாந்தான். எங்க வேணா வந்து சொல்றேன்."

மாரியப்பன் அந்தக் கையையே பார்த்தார். பிறகு, "அன்னிக்கி நீரு படியெறங்கி வரும்போது ஒம்ம கையப் பிடிச்சி ஒண்ணு சொன்னேன். என்ன சொன்னேன்?" என்றார்.

ஏகாம்பரம் தேடினார். இதுவரை அவர் சொன்னதெல்லாம் மகள் சொன்னது. அதற்கு அந்தப் பக்கம் வெறும் சுவர்.

"நெனப்பில்ல" என்றார்.

"எந்தக் கட்டடம்னு கேட்டாலும் இப்பிடித்தான் முழிப்பீரு. இத எந்தக் கோர்ட்டு ஏத்துக்கும்?" மாரியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஜெயிலுக்குள்ள மூணு வருசமும் நான் ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சேன். வெளிய ஒருத்தன் இருக்கான், அவனுக்குத் தெரியும், அவனும் தூங்க மாட்டான்னு. அதுவும் போச்சா."

அமுதினி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "‘அண்ணே, கதவு தானா தொறந்துச்சு, நீங்க சொன்னா நம்புவாங்கண்ணே’ன்னு சொன்னீங்க. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. நான் ஒதறிட்டுப் போயிட்டேன்."

மாரியப்பன் மெல்லத் திரும்பினார். ஏகாம்பரத்தைத் தாண்டி அவளைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"ஆமா" என்றார். "அப்ப நீதானாம்மா அது. வா, இப்பிடி வந்து உக்காரு."

அவள் போய் அவர் காலடியில் உட்கார்ந்து விம்மினாள். ஏகாம்பரம் வாசலுக்கும் அறைக்கும் நடுவே, யாருடனோ துணைக்கு வந்தவர் போல, கையைக் கூப்பியபடியே நின்றார்.