இருபத்துமூன்று பேருக்குப் போகாத செய்தி

9-7-2007, திங்கள். இன்று ஒரு சிறு தவறு. தடைப்பட்டியலில் முழு வரியையும் சேர்க்காமல் அதன் இரண்டு சொற்களை மட்டும் சேர்த்துவிட்டேன். பெரிதாக ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன்.

தினமும் நாலு வரி டைரி எழுதச் சொல்லியிருந்தார் மாலை வகுப்பு ஆசிரியர். தபித்தாள் அதை ஒருநாளும் தவறவிடவில்லை. குன்னூர் பெட்போர்டு பகுதியில், வர்க்கி வேகும் வாசனை மரத்தரை வழியே ஏறிவரும் பேக்கரி மாடியில், ஒரு போன் கம்பெனிக்காகக் குப்பைச் செய்திகளை வடிகட்டுவது அவள் வேலை. ஒரே செய்தி பத்துப் பேருக்கு மேல் போனால் இயந்திரம் பிடித்து வைக்கும். அவள் படித்துவிட்டுப் போக விடவேண்டும், அல்லது அழிக்கவேண்டும். திங்கள் மாலை பிடிபட்டது இருபத்துமூன்று பேருக்கான செய்தி.

"பொழுது சாஞ்சப்புறம் யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்காதீங்க. என் குரலா இருந்தாலும்."

"பேய்க்கும் ரீசார்ஜ் பண்ணி உட்டுட்டாங்களாட்ட இருக்குது," என்று சிரித்தார் உடன் வேலை பார்க்கும் ஆறுக்குட்டி. "அழிச்சு உடுங்க டீச்சர்." டைரி எழுதுவதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். அழித்தாள். இனி ஒருவருக்கு வந்தாலும் தானாகவே தடுக்கட்டும் என்று 'கதவைத் திறக்காதீங்க' என்பதைப் பட்டியலில் சேர்த்தாள்.

செவ்வாயன்று தடுத்தவை ஏட்டில் ஒரு வரி: வேறொரு எண்ணிலிருந்து, இருபத்திரண்டு பேருக்கு. புதனன்று இன்னொரு எண், இருபத்தொரு பேர். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். நினைத்தது சரிதானா என்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

வியாழன் மதியம் மூன்று மணிக்கே மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்தது, ஈரக் கம்பளிச் சட்டையின் வாடை அறையெங்கும் நின்றது, அந்த இரைச்சலுக்குள் இயந்திரத்தின் விசிறி மட்டும் யாரோ மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கியது. நாலரைக்குத்தான் அந்த எண்களைத் திறந்து பார்த்தாள்.

அவளே வாங்கிக் கொடுத்த எண்கள்.

சேரங்கோட்டுக்கு அப்பால், அவள் பிறந்து வளர்ந்த, தேயிலை விலை விழுந்து மூடிக்கிடக்கும் எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகள் இருபத்துநான்குக்கும் ஒரே மனுவில் சிம் வாங்கிக் கொடுத்தவள் அவள். வீட்டு வரிசைப்படியே எண்கள். திங்களன்று அனுப்பியது முதல் வீடு. செவ்வாய், இரண்டாவது. புதன், மூன்றாவது. பெறவேண்டியவை, ஒவ்வொரு முறையும் அதற்கடுத்த வீடுகள் எல்லாம்.

நான்காவது வீட்டில் அவள் அப்பா செல்லதுரை தனியாக இருக்கிறார்.

"அண்ணா, பட்டியல்ல இருந்து ஒரு வார்த்தைய எப்படி எடுக்கிறது?"

"சேக்கறதுதானுங்க நம்ம கையில. எடுக்கறது சென்னை ஆபீசு." ஆறுக்குட்டி குரங்குக் குல்லாயை இழுத்து மாட்டிக்கொண்டார். "மனு போட்டா மூணு வேலை நாளு. ஏனுங்க, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

மனுப் படிவத்தைத் திறந்தாள். அவர் படியிறங்கிப் போய்விட்டார். மனுவை அனுப்பினாள். பஸ் பிடித்தாலும் நாலு மணி நேரம். அப்பாவின் போனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தாள். அங்கே மழைக்காலத்தில் பேச்சு போகாது. செய்தி மட்டும் எப்படியோ ஊர்ந்து போய்ச் சேரும்.

'அப்பா, யார் வந்தாலும் கதவைத் திறக்காதீங்க.'

அனுப்பிய மறுகணம் எதிரே திரையில் அவள் எண்ணே வந்து நின்றது. தடுக்கப்பட்டது.

வேறு சொற்களில் அடித்தாள். 'அப்பா, யார் கூப்பிட்டாலும் வெளியே வராதீங்க. நான் தபி.' போனது. சேர்ந்தது என்று குறி வந்தது.

ஆறே முக்கால். ஜன்னலில் வெளுப்பு போய்க் கருப்பு. மழை சட்டென நின்றது. விசிறிச் சத்தம் மட்டும்.

போன் அதிர்ந்தது. அப்பா.

'நீதானே புள்ள வெளிய நின்னு கூப்புடுற. நனையாத. இந்தா வந்துட்டேன்.'

'நான் குன்னூர்ல இருக்கேன்ப்பா' என்று அடித்தாள். அனுப்பினாள். குறி வரவில்லை. மறுபடி அனுப்பினாள். வரவில்லை. மறுபடி.

ஆறு ஐம்பத்தெட்டு. திரையில் ஒரு வரி ஏறியது.

அனுப்பியவர்: நான்காவது வீடு. பெறுபவர்கள்: இருபது. தடுக்கப்பட்டது.

அந்த இருபது எண்களுக்கும் ஒவ்வொன்றாக அடித்தும், வேறு சொற்களில் செய்தி அனுப்பியும் பார்த்தாள். ஒன்றும் போகவில்லை. பிறகு நோட்டை எடுத்து, கோணாமல், ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.

12-7-2007, வியாழன். நாளை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போகவேண்டும். போகும் வழியில் ஐந்தாவது வீட்டில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். பொழுது சாய்வதற்குள், அந்த லயத்தில் யாராவது ஒருவர் எனக்குக் கதவைத் திறக்கவேண்டும்.