அத்தைக்கு ஒரு பட்டன் போன்

சுனந்தா அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மருத்துவமனையிலிருந்து வேங்கிக்காலில் உள்ள தம்பி வீட்டுக்கு வந்த நாள் முதல் அப்படித்தான். கேட்டால் பதில் சொல்வார். பிறகு மறுபடியும் சுவர்தான்.

தம்பி மகள் சுருதிக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. அத்தை என்றால் வாய் ஓயாத அத்தை! அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் கடை வைத்து, மலை சுற்ற வருகிறவர்களுக்கு மோரும் பொரி உருண்டையும் விற்கிற அத்தை. "செருப்பில்லாம நடக்கறீங்க, சரி. தண்ணி குடிச்சீங்களா?" என்று முன்பின் தெரியாதவர்களையும் அதட்டுகிற அத்தை.

மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்த வாய்க்கு ஓய்வு. பௌர்ணமிக்கு முந்தைய நாளான சதுர்த்தசியில் அத்தை விரதம் இருப்பார். அவர்கள் சமணக் குடும்பம். அன்று உண்ணாமலும் பேசாமலும் இருப்பது அத்தை தன் அம்மாவிடம் கற்ற பழக்கம். கடைக் கதவும் சாத்தியிருக்கும். அது ஊருக்கே தெரியும்.

ஊருக்கே தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

சில மாதங்களுக்கு முன் ஒரு சதுர்த்தசி. மாலையில், வீட்டுப் பின்பக்கம் கை கால் கழுவும் இடத்தில் அத்தை வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. நல்லவேளையாக இடுப்பில் போன் இருந்தது. சுருதியின் அப்பா மல்லிநாதன் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த பெரிய டச் போன்.

ஈரக் கையால் அத்தை அதைத் தேய்த்தார், தேய்த்தார். என்னென்னவோ திறந்தது. அழைப்பு மட்டும் போகவில்லை. கடைசியில் சார்ஜும் தீர்ந்துபோனது.

விரதத்தை விட்டுவிட்டுக் கத்தினார். மறுநாள் பௌர்ணமிக்காகப் பாதையெங்கும் ஒலிபெருக்கிகள் அலறிக்கொண்டிருந்தன. யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு வேதா அக்கா சாத்திய கதவைப் பார்த்துவிட்டு, 'இன்னிக்கு மௌனமாச்சே' என்று போய்விட்டார்.

இங்கே வேங்கிக்காலிலும் அதே கதைதான். அன்று ஓவியப் போட்டியில் பரிசு வாங்கிய சுருதி, "அத்தைகிட்ட போன்ல சொல்லணும்ப்பா" என்று குதித்தாள்.

"இன்னிக்கு மௌனம் கண்ணு, எடுக்க மாட்டாங்க. நாளைக்குச் சொல்லு" என்றார் அப்பா.

விடிந்த பிறகுதான் வேதா அக்கா அத்தையைக் கண்டுபிடித்தார். இரவு முழுவதும் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். அன்றிலிருந்து அப்பா சிரிப்பதே இல்லை. பரிசுக் கோப்பையைச் சுருதி அலமாரிக்குள் ஒளித்து வைத்துவிட்டாள்.

இப்போது அப்பா ஒரு முடிவோடு வந்திருந்தார். "கடையை வேற யாருக்காவது விட்டுடலாம். நீ இனிமே இங்கதான்க்கா."

"வாக்கர் வெச்சிக்கிட்டு நடக்கலாம், தனியாவும் இருக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்றார் அத்தை சுவரிடம்.

"மறுபடி விழுந்தா? ஒரு போன் பண்ணத் தெரியல உனக்கு. நான் எப்படி நிம்மதியா தூங்குவேன்?"

அத்தையின் போர்வை குலுங்கியது. அத்தை அழுது சுருதி அதுவரை பார்த்ததில்லை.

அந்தப் பெரிய போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். கையை நனைத்தாள். தரையில் படுத்தாள். கண்ணாடி இல்லாமல் கிடந்த அத்தையைப் போலக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அப்பாவை அழைக்கப் பார்த்தாள். விரல் வழுக்கியது. கேமரா திறந்து அவள் மூக்கைப் படம் எடுத்தது.

சொட்டச் சொட்ட நனைந்த உடையோடு வெளியே வந்தாள். "எனக்கும் வரலப்பா. தப்பு அத்தை மேல இல்ல. இந்தப் போன்தான் அவங்களுக்குச் சரியில்ல."

அப்பா வண்டிச் சாவியை எடுத்தார்.

தேரடி வீதியில் இருந்தது காசி அண்ணனின் செல்போன் கடை. "இதைப் பாருங்க சார். ஸ்கிரீன் பெருசு. கேமராவும் ஜாஸ்தி" என்று ஆரம்பித்தார்.

"அத்தை யாரையும் போட்டோ எடுக்கப் போறதில்லண்ணா. பட்டன் போன் காட்டுங்க. அப்படியே கொஞ்சம் தண்ணி குடுங்க."

"தாகமா பாப்பா?"

"இல்ல, கை நனைக்கணும்."

காசி அண்ணன் விழித்தார். சுருதி கையை நனைத்துக்கொண்டு கடைத் தரையில் நீட்டிப் படுத்துவிட்டாள். சார்ஜர் வாங்க வந்தவர் பயந்துபோய் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"எழுந்திரு, மானம் போவுது" என்று குனிந்த அப்பா, சட்டென்று நின்றுவிட்டார். தன் அக்கா எப்படிக் கிடந்திருப்பாள் என்பது அப்போதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் முகம் கோணியது. மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு போனாக அவரே எடுத்துக் கொடுத்தார்.

முதல் போனில் ஒரு விரல் இரண்டு பட்டனை அமுக்கியது. இன்னொன்றில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மற்றொன்றில் பட்டன்கள் புளியங்கொட்டை அளவுக்குப் பெரிதாக இருந்தன. அமுக்கிய எண்ணை அதுவே வாய்விட்டுச் சொன்னது. பின்பக்கம் ஒரு சிவப்புப் பட்டன்.

"ஆபத்துன்னா இதை அமுக்கிப் பிடிக்கணும். நாம போட்டு வெச்ச நம்பருக்கெல்லாம் ஒண்ணொண்ணா கூப்பிடும்" என்று காசி அண்ணன் அமுக்கிக் காட்டினார். போன் ஊளையிட்டது. வீதியில் போன மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

"சார்ஜ் நிக்குமாண்ணா?"

"தாராளமா நாலு நாள் வரும்."

"முதல் நம்பர் என்னோடது போடுப்பா" என்றார் அப்பா காசி அண்ணனிடம்.

"வேணாம்ப்பா. வேதா அக்காவோடது போடலாம். நீங்க வண்டி எடுத்துக்கிட்டு வரணும். அவங்க பக்கத்துலயே இருக்காங்க" என்றாள் சுருதி.

அப்பா தலையாட்டினார்.

வீட்டில் அத்தை படுத்தபடியே பட்டன்களை அமுக்கிப் பார்த்தார். "என் விரலுக்கு எடம் இருக்குடி" என்றார். உடனே முகம் வாடியது. "ஆனா சதுர்த்தசி அன்னிக்கு நீங்க கூப்பிடவே மாட்டீங்களே. மயங்கிக் கிடந்தா சிவப்புப் பட்டனை யாரு அமுக்குவா?"

எல்லோர் மனதிலும் இருந்த பயம் அதுதான்.

"அன்னிக்கு மட்டும் ரெண்டு வார்த்தை பேசேன்க்கா" என்றார் அப்பா.

"அம்மா கத்துக் குடுத்தது. விட மாட்டேன்."

சுருதி நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். கடித்த நகத்தையே பார்த்தாள்.

"பேச வேணாம் அத்தை. நாங்க கூப்பிட்டா எடுத்து, நகத்தால ரெண்டு தட்டு தட்டுங்க. நல்லா இருக்கீங்கன்னு புரிஞ்சுக்கறோம். தட்டு வரலைன்னா வேதா அக்காவுக்குப் போன் போடுவோம், ஓடி வந்துடுவாங்க."

"தட்டறது பேச்சுல சேருமா?" அத்தை நிஜமாகவே கவலைப்பட்டார்.

"கதவைத் தட்டறது பேச்சா என்ன?"

அத்தை மெல்ல, சுவரிலிருந்து இந்தப் பக்கம் புரண்டு படுத்தார்.

சதுர்த்தசி வந்தது. அதற்குள் அத்தை வாக்கரோடு தன் வீட்டுக்குப் போயிருந்தார். போன் கழுத்தில் கயிற்றில் தொங்கியது.

மாலையில் அப்பா அழைத்தார். சுருதிதான் போனைப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

அத்தை எடுத்துவிட்டார். ஆனால் சத்தமே இல்லை. தூரத்தில் ஒலிபெருக்கிப் பாட்டு மட்டும் கேட்டது. அப்பா சாவியைத் தேடினார்.

டொக். டொக்.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போனை வாங்கி, தன் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்தப் பக்கத்திலிருந்து டொக் டொக் டொக் டொக் என்று நிற்காமல் வந்தது.

"பார்த்தீங்களாப்பா? மௌன விரதத்துலயும் அத்தை பேச்சு ஜாஸ்திதான்!" என்றாள் சுருதி.

இத்தனை மாதம் கழித்து அப்பா சிரித்தார்.