தௌஃபா வீட்டு டிரம்

சியாலேவுக்குப் பத்து வயதுதான். ஆனால் அன்றைக்கு ஆக்லாந்து நகரத் தேவாலய மண்டபத்திலிருந்து அவள் கைபடாமல் ஒரு பிளாஸ்டிக் டிரம்மும் வெளியே போகவில்லை. டிரம்களில் வெள்ளைப் பெயின்டால் பெயர் எழுதுவது அவள் வேலை. எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தொங்கா நாட்டில் சியாலேவின் சொந்தத் தீவைப் புயல் புரட்டிப் போட்டிருந்தது. அங்கிருந்து வந்து ஆக்லாந்தில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் அங்குள்ள சொந்தக்காரர்களுக்காக ஒரு பெரிய நீல டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தது. மாவு, சர்க்கரை, டின் இறைச்சி, சோப்பு, போர்வை என்று எல்லாம் உள்ளே போயின. மாலையில் துறைமுகத்துக்குப் போகும் லாரி வந்துவிடும். அதை விட்டால் அடுத்த கப்பல் ஒரு மாதம் கழித்துத்தான்.

மதியம் தீவிலிருந்து அத்தை மகள் லோசா போனில் பேசினாள். பக்கத்து வீட்டு தௌஃபா குடும்பத்துக்குக் கூரையே இல்லையாம். வெளிநாட்டில் அவர்களுக்கு ஒருவரும் கிடையாது. அந்த வீட்டுச் சின்னப் பையன் தினமும் வந்து, "எங்களுக்கு யாரு டிரம் அனுப்புவாங்க?" என்று கேட்கிறானாம்.

சியாலே போனை வைத்த கையோடு மண்டப வேலைகளைக் கவனிக்கும் கெலெபி மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

மாமாவுக்கும் வருத்தம்தான். "எல்லாரும் அவங்கவங்க சொந்தத்துக்கு அனுப்பவே திணறுறாங்க. யாருகிட்டன்னு போய்க் கேக்குறது?"

"யாருகிட்டயும் கேக்க வேணாம் மாமா. ஒரு காலி டிரம் மட்டும் குடுங்க."

டிரம் கிடைத்தது. சியாலே அதில் 'தௌஃபா' என்று பெரிதாக எழுதி, மூடியைத் திறந்து, வாசலுக்கு நடுவே நிறுத்தினாள். பெயர் எழுதிய டிரம் பாதியாகப் போனால் அந்த மண்டபத்துக்கே மானக்கேடு. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் வைனி அத்தை எட்டிப் பார்த்தார். "என்னடி இது, வெளிய பேரு மட்டும் பெருசா இருக்கு, உள்ள காத்தாடுது?"

"அவங்களுக்கு இங்க யாரும் இல்ல அத்தை."

அத்தை நேரே போய்த் தன் டிரம்மிலிருந்து மாவு மூட்டை ஒன்றைத் தூக்கி வந்து, எல்லோர் காதிலும் விழும்படி 'தொம்' என்று போட்டார். எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? சர்க்கரை வந்தது. அதைப் பார்த்து டின் இறைச்சி வந்தது. இரண்டு பேர் போர்வையோடு முட்டிக்கொண்டார்கள். கடைசியில் மூடி பொருந்தவில்லை. கெலெபி மாமா அதன்மேல் ஏறி உட்கார்ந்துதான் மூட முடிந்தது.

வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

"அனுப்புறவங்க பேரும் எழுதணுமே. சர்ச் பேர எழுதிடவா?" என்றார் மாமா.

சியாலே வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தூரிகையை எடுத்தாள். தௌஃபா என்ற பெயருக்குக் கீழே, குண்டு குண்டான எழுத்தில், 'உங்கள் சொந்தக்காரர்கள்' என்று எழுதினாள்.

மாமா அதைப் படித்தார். லாரிக்காரரைக் கூப்பிட்டார்.

"இத முதல்ல ஏத்துங்கப்பா."