முப்பத்திரண்டாவது காய்

முப்பத்தொன்று. சுபாங்கி மறுபடியும் எண்ணினாள். அதே முப்பத்தொன்றுதான்! சதுரங்கப் பெட்டியில் ஒரு கறுப்பு மந்திரியைக் காணவில்லை. அவள் வசிக்கும் பிரான்சில் அந்தக் காய்க்குக் கோமாளி என்று பெயர்.

பெட்டி அவளுடையதாக இருந்தால் பரவாயில்லை. அது வகுப்புத் தோழன் ரோமனுடையது. அவன் அப்பா மரத்தில் செதுக்கிக் கொடுத்தது. குப்தப் பேரரசைப் பற்றி இருவரும் இன்று வகுப்பில் பேச வேண்டும். அதற்காகத்தான் அவளை நம்பிக் கொடுத்திருந்தான்.

"அம்மா, தம்பி விழுங்கிட்டான் போல!"

"ஐயோ! எங்கை, வாயைத் திற பாப்பம்!"

மூன்று வயது கிருஷிகன் 'ஆ' என்று திறந்தான். உள்ளே பாதி பிஸ்கட்தான் இருந்தது.

"பள்ளிக்கு நேரம் போட்டுது, வெளிக்கிடு பிள்ளை. பின்னேரம் வடிவாத் தேடுவம்" என்றாள் அம்மா.

லா ஷப்பல் பாலத்தின் மேலே மெத்ரோ ரயில் தடதடத்தது. சுபாங்கி சதுரங்கப் பெட்டியை அணைத்துக்கொண்டு நடந்தாள். சொல்லாமல் விட்டால் என்ன? சேச்சே!

பள்ளி வாசலிலேயே ரோமனிடம் சொல்லிவிட்டாள். அவன் முகம் சுருங்கிப் போனது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவள் பென்சில் பெட்டியைத் திறந்தாள். மாமி கொழும்பிலிருந்து கொண்டுவந்த குட்டிக் கறுப்பு யானையை எடுத்தாள். அதை யாரையும் தொடவிடமாட்டாள்.

"இனி இது உன்னுடையது" என்று சதுரங்கப் பெட்டியில் காலியாக இருந்த இடத்தில் வைத்தாள்.

வகுப்பில் கபிரியேல் சிரித்தான். "கோமாளி இடத்தில் யானையா?"

சுபாங்கி நிமிர்ந்தாள். "அது யானையின் இடம்தான்! சின்ன நாட்டில் தொடங்கிய குப்தர்கள் வட இந்தியா முழுவதும் பரவினார்கள். அவர்கள் காலத்தில்தான் இந்த ஆட்டம் பிறந்தது என்கிறார்கள். தேர், யானை, குதிரை, காலாள் என்று நான்கு படை. பேரரசு போய்விட்டது. ஆட்டம் மட்டும் பாரசீகம், அரபு நாடு எல்லாம் கடந்து பிரான்சுக்கு வந்தது. வழியில் எங்கேயோ யானை இறங்கிவிட்டது, கோமாளி ஏறிக்கொண்டார்!"

வகுப்பே சிரித்தது. ரோமனும் சிரித்துவிட்டான். அப்பாடா! சுபாங்கிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மாலையில் அம்மா டப்பாவிலிருந்து பருப்பை அள்ளினாள். 'டொக்!' கோமாளி விழுந்தார்.

"இதை ஆரடா பருப்புக்குள்ளை போட்டது?"

"அவருக்குப் பசி" என்றான் கிருஷிகன்.

மறுநாள் சுபாங்கி காயை நீட்டினாள். ரோமன் வாங்கவில்லை.

"நீயே வைத்துக்கொள். அப்பாவிடம் யானைக் கதையைச் சொன்னேன். மற்ற மூன்று கோமாளிகளுக்குப் பதிலாகவும் யானை செதுக்கப் போகிறாராம்!"

அன்றிலிருந்து கோமாளி சுபாங்கியின் பென்சில் பெட்டியில் குடியிருக்கிறார். பருப்பு வாசம் மட்டும் இன்னும் போகவில்லை.